கழுவிக் கொண்டுவந்த போத்தல்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படுகிற நேரத்தில் வேலிப் படலையடியில் வந்து நின்ற காளியப்பனைச் சென்ற வாரம் நாம் அங்கேயே நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு போத்தல்.

ஆயர் மோலேக் மேட்டில் அந்த மரவீட்டில் குடியிருந்த அந்தோனிப்பிள்ளையை ஜொகூர் பாரு முழுவதும் புரொபெசர் என்றுதான் சொல்லும். காலை ரயிலில் கடல்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்க் கல்லூரிக்குப் போய்ச் சேதன இரசாயனம் கற்பிப்பவர். காடி, சாராயம், ரப்பர்ப்பால், வாசனைத் தைலம் என்று உயிருள்ளவற்றிலிருந்து பிறக்கிற பொருள்களின் சாத்திரம் அது.

வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவருடைய ஐம்பத்திரண்டு போத்தல்கள். ஒன்றிலும் பெயர் ஒட்டியிருக்காது. மூக்கு இருக்கிறவனுக்கு லேபிள் எதற்கு என்பது அவருடைய பெருமை.

அந்த மூக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முப்பதாம் வருஷத்துக் காய்ச்சல் கொண்டுபோனது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். அவர் மனைவி செல்லப்பாக்கியத்துக்குத் தெரியும். அந்த வருஷத்து உபவாசத் தபசு காலத்தில் ஒருநாள் சோற்றுப் பானையில் மண்ணெண்ணெய் சிந்திவிட்டது. அவள் எடுத்துக் கொட்டுவதற்குள் அவர் தானே போட்டுச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று எழும்பிப் போனார். அன்றைக்கே தெரியும். கேட்டால் மனிதர் உடைந்து போவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன காளியப்பன், விடியக் காலமை?" என்று புரொபெசர் படியில் இறங்கினார்.

"போத்தலைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க. அப்புறம் ஒரு சீட்டு வேணும், ஐயா."

காளியப்பன் தோட்டத்துக் கூலி லயத்தை விட்டு வந்து செனாய்ப் பக்கம் ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர். பால் உறைய ஊற்றுகிற திராவகம் அந்த நாளில் கடைகளில் சரியாகக் கிடைக்கவில்லை. அவரைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்குப் புரொபெசர்தான் கலந்து கொடுப்பார். தண்ணீர் கலந்த காடி அமிலம். கையால் கலக்கினாலும் சுடாது.

"நேத்து எம் பொஞ்சாதி வெள்ளையம்மா அதைப் பால்ல ஊத்தினா. எப்பவும் போல கையால கலக்கினா. ரெண்டு கையும் வெந்துபோச்சுங்க. கண்ணுல வேற தெறிச்சிருச்சு. அன்னாசி லாரியில ஏத்தி இங்க பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம்."

செல்லப்பாக்கியத்தின் கையிலிருந்த முக்காட்டுத் துணி நழுவியது.

"டாக்டரு எழுதித் தரச் சொல்லிக் கேக்குறாரு, உள்ள என்ன இருந்துச்சுன்னு. தெரியாம கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. தப்பு என் மேலதாங்க. அளவு மாத்தி ஊத்தச் சொல்லியிருப்பேன். ஐயா மோந்து பாத்துத்தானே குடுத்தீங்க."

புரொபெசர் போத்தலை வாங்கித் துணியைப் பிரித்தார். போத்தல் பளபளவென்று இருந்தது.

"சாம்பல் போட்டுத் தேய்ச்சு, மூணு தண்ணி அலசிக் காய வச்சேன்," என்றார் காளியப்பன். "ஐயா வீட்டுச் சாமானை அழுக்கோட எப்படித் திருப்பித் தர்றது?"

பழக்கம் விடாமல் புரொபெசர் மூடியைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். செல்லப்பாக்கியம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

புரொபெசர் உள்ளே போய் மேசை முன் உட்கார்ந்தார். காகிதத்தை எடுத்தார். திகதியை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. காடி அமிலம், நீர் கலந்தது, கைக்குக் கெடுதி செய்யாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அத்துடன் எல்லாம் காளியப்பன் தலையில் இறங்கிவிடும். அவர் அதைத் தாமாகவே தலையில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அறைக்குள்ளிருந்து றோசலின் வந்தாள். பத்தொன்பது வயது, கான்வென்டில் சின்ன வகுப்பு டீச்சர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் போத்தல் எந்தத் தட்டிலை இருந்தது?"

"மூண்டாம் தட்டு. இடப்பக்கம் கடைசி. எப்பவும் அங்கைதான்."

"பாஸ்குத் திருநாளுக்கு முதல் நான் தட்டெல்லாம் துடைச்சனான்."

பேனாவைக் கீழே வைத்தார். "திருப்பி எப்பிடி அடுக்கினாய்?"

"தட்டுத் தட்டா, உயரத்தின்படி. வடிவாயிருக்கும் எண்டு." அவள் குரல் இறங்கியது. "உங்களுக்கு மணத்திலை தெரியும்தானே எண்டு நினைச்சன்."

செல்லப்பாக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது இப்போது வெளியே வந்தது.

"அவருக்கு மணம் தெரியாது, பிள்ளை."

புரொபெசர் தலை நிமிர்ந்தார். "எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?"

"மண்ணெண்ணெய்ச் சோறு சாப்பிட்டீங்களே, அண்டைக்கு."

"அதிலை மண்ணெண்ணெயோ?"

"ஓம். இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனீங்கள்."

வேறொரு நாளாயிருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"அப்பா, யோசிச்சு எழுதுங்கோ," என்றாள் றோசலின். "கல்லூரியிலை ஆக்களைக் குறைக்கப் போயினம் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். மூக்கில்லாத இரசாயன வாத்தியாரை வைச்சிருப்பினமோ? என்ரை பேரை எழுதுங்கோ. மாத்தி அடுக்கினது நான்."

"நீ தூசி துடைச்சாய். அது குற்றமில்லை."

"அப்ப உண்மையை எழுதுங்கோ, இஞ்சேருங்கோ," என்றாள் செல்லப்பாக்கியம்.

"எதை எழுத? எனக்கே தெரியேல்லையே." அவர் கழுவிய போத்தலைக் காட்டினார். "மூண்டாம் தட்டிலை நிறமில்லாதது ஏழு. அதிலை நாலு கையைச் சுடும். ஒண்டு தோலுக்காலை இறங்கி இரத்தத்திலை சேரும். அதுதான் டாக்டர் கேக்கிறார். இதிலை ஒரு சொட்டுக்கூட இல்லை. மிச்சப் போத்தலை ஒவ்வொண்டாச் சோதிக்க நாலு நாள் வேணும்."

"ஆருக்கும் தெரியாதோ?"

"திறந்து மணந்த ஆளுக்குத் தெரியும்."

"அப்ப அவளட்டையே போய்க் கேப்பம்," என்று செல்லப்பாக்கியம் செருப்பைப் போட்டாள்.

அன்றைக்குப் பூசை தவறியது.

காளியப்பன் ரிக்‌ஷாவில் அவர்களோடு உட்கார மறுத்துவிட்டார். பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். வழியெல்லாம் அவர் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். புரொபெசர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லப்பாக்கியத்துக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

பெண்கள் வார்டின் கோடிக் கட்டிலில் வெள்ளையம்மா சாய்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. இடது கண்ணை மூடிப் பஞ்சு. மிச்சமிருந்த ஒரு கண் முதலில் புருஷனைத்தான் பிடித்தது.

"வந்துட்டாரு தொரை. சீட்டு வாங்கினியா, இல்ல ஐயா கால்ல விழுந்து எந்திரிச்சு அப்படியே வந்துட்டியா?"

"ஏய், ஐயாவே வந்திருக்காங்க."

அவள் எழும்பப் பார்த்தாள். கை ஊன்ற முடியவில்லை. செல்லப்பாக்கியம் தோளைப் பிடித்துச் சாய்த்து வைத்தாள்.

புரொபெசர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் பதில் தெரிந்தே கேள்வி கேட்பவர். இப்போது கேள்வி கேட்டு ஒரு பதிலுக்காகத் தவித்தார்.

"அம்மா, நீங்கள் போத்தலைத் திறக்கேக்கை என்ன மணம் வந்தது?"

"என்னையா கேக்குறீங்க?"

"உங்களைத்தான்."

வெள்ளையம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டுக்க. திறந்தப்பவே சொன்னேங்க, இது எப்பவும் வர்ற புளிச்ச வாசம் இல்லைன்னு. ஐயா மோந்து பாத்துக் குடுத்ததுக்கு நீ நொட்டை சொல்றியான்னாரு. சரி, ஐயா புதுசா ஏதோ நல்ல சரக்காக் குடுத்திருக்காருன்னு ஊத்திட்டேன்."

"என்ன மாதிரி வாசம்? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கோ."

"ஞாபகப்படுத்தவா? இன்னும் மூக்குல நிக்குதுங்க. முசுறு. பால் மரத்துல செவப்பா ஏறுமே, அந்த எறும்பு. வெட்டப் போற நேரத்துல கழுத்துல விழும், அடிச்சு நசுக்குவோம், அப்ப ஒரு நெடி ஏறும் பாருங்க, அதேதான். ஆயிரம் முசுறைப் பிடிச்சுப் போத்தல்ல அடைச்ச மாதிரி."

புரொபெசர் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்கள் நூறு வீதம் சரி," என்றார். "எறும்பைக் காய்ச்சித்தான் அந்த அமிலத்தை முதல் முதல் எடுத்தவை. பார்மிக் அமிலம்."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். காலையில் திகதி மட்டும் எழுதிய அதே காகிதம். முழங்காலில் வைத்து எழுதினார். பார்மிக் அமிலம், நீர் கலக்காதது, என் கையால் பிழையாகக் கொடுக்கப்பட்டது. கீழே முழுப் பெயர். அதன் கீழே உத்தியோகம், கல்லூரியின் பெயர். ஒன்றையும் சுருக்கவில்லை. செல்லப்பாக்கியம் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் தங்கராஜு வந்து சீட்டை டாக்டரிடம் கொண்டுபோனார்.

"ஐயா, என் கையாலேன்னு ஏன் எழுதணும்?" என்றார் காளியப்பன். "நான்தான் அளவு..."

"நீர் ஒரு பிழையும் செய்யேல்லை, காளியப்பன். அண்டைக்கு நான் மணந்து பாக்கேல்லை."

"பாத்தீங்களே. நான் படியில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனனான். மூச்சை இழுக்கேல்லை. இழுத்திருந்தால் எரிவாவது தெரிஞ்சிருக்கும், நிப்பாட்டியிருப்பன். இரண்டு வருஷமா எனக்கு ஒரு மணமும் வாறதில்லை. பிறகேன் இழுப்பான் எண்டு விட்டிட்டன். ஆக்கள் பாக்கிறதுக்காக மட்டும் தூக்கிப் பிடிக்கிறனான்."

நம்பிக்கை போவதைவிட, வைத்த நம்பிக்கையை எங்கே இறக்கி வைப்பது என்பதே காளியப்பனுக்குப் பெரிய திண்டாட்டமாக இருந்தது போலும். கட்டில் கம்பியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"அலமாக், அட கடவுளே," என்றாள் வெள்ளையம்மா மெதுவாக. "அப்ப எங்க கையையும் கண்ணையும் வச்சு நீங்க சும்மா வேஷம் கட்டினீங்களா, ஐயா?"

"ஏய், வாயை மூடு."

"கேக்கட்டும்," என்றார் புரொபெசர். "ஓம் அம்மா. வேஷம்தான்."

"இந்தக் கண்ணு போச்சுன்னா நான் பால் வெட்ட முடியாதுங்க. பட்டையில கோடு தெரியணும். கொஞ்சம் ஆழமா இறங்கினா மரம் செத்துப்போயிரும்." அதைச் சொல்லிவிட்டு அவள் செல்லப்பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, ஒரே வீட்டுல இருக்கீங்க. உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வார்டின் மறுகோடியில் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணவன் மனம் நோகக் கூடாது என்று மூடி வைத்தது பதினேழு மைல் தள்ளி இன்னொருத்தியின் கண்ணில் போய்த் தெறித்திருக்கிறது. யோசித்து எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அப்படித்தான் நின்றது. செல்லப்பாக்கியம் மேசையில் ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து வெள்ளையம்மாவின் வாயருகே பிடித்தாள். அவள் உடனே குடிக்கவில்லை. பிறகு குடித்தாள்.

தங்கராஜு திரும்பி வந்தார். "எதுன்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சுன்னாரு டாக்டர். ரத்தத்துல கலக்குற வகை இல்லையாம். கை ஆறிடும். கண்ணுக்கு மட்டும் வியாழக்கிழமை கட்டுப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும். பட்ட உடனே தண்ணி நிறைய ஊத்தியிருக்காங்க, அதான் இம்மட்டுக்குக் காப்பாத்தியிருக்குன்னாரு. யாரு ஊத்தினது?"

காளியப்பன் தரையைப் பார்த்தார்.

"இவருதான்," என்றாள் வெள்ளையம்மா. "கிணத்துல இருக்குற தண்ணி பூரா என் மூஞ்சியில. கல்யாணமாகி நேத்துத்தான் யோசிச்சு ஒண்ணு செஞ்சிருக்காரு."

புறப்படும்போது செல்லப்பாக்கியம், மத்தியானம் சோறு கொண்டுவருகிறேன் என்றாள். மண்ணெண்ணெய்க் கதை தெரியாத வெள்ளையம்மா, "உறைப்பா இருக்கட்டும்மா, இங்க கஞ்சியைக் குடுத்தே கொல்றாங்க," என்றாள்.

செல்லப்பாக்கியம் மத்தியானம் சோறு கொடுத்துவிட்டு வீடு திரும்பியபோது புரொபெசர் எழுதும் மேசை முன் இருந்தார். கல்லூரித் தலைவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி முடித்து உறையில் இட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மூக்கைப் பற்றியோ?"

"மூக்கு, போத்தல், வெள்ளையம்மா, எல்லாம். நாளைக்கு அனுப்பலாம்." பிறகு, எழும்பாமலே, "பாக்கியம், கொட்டகைக்கு வருவியோ? எனக்கு ஒரு மூக்கு வேணும்," என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. சேலை பற்றிக்கொள்ளும் என்று அவர் விட்டதில்லை. இன்றைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். றோசலின் பழைய அப்பியாசக் கொப்பியைக் கிழித்துச் சீட்டு வெட்டினாள். சோற்றுப் பசை ஒரு தேங்காய்ச் சிரட்டையில்.

"நேரே மூக்கை வைக்காதை. கையாலை விசிறி எடு."

"இது புளிச்சுப்போன கள்ளு."

"காடி அமிலம்." எழுதினார்.

"இது இனிப்பு. றோசலின் பிறக்கேக்கை ஆசுப்பத்திரியிலை வந்தது."

"குளோரோபோர்ம்."

"இது அழுகின சீலா மீன். சீ, தூரப் பிடியுங்கோ. இது பழுதாப்போன நெய். இது... ஒண்டும் விளங்கேல்லை."

"விளங்கேல்லை எண்டே ஒட்டுவம். பிறகு சோதிக்கலாம்."

முன்பென்றால் அவர் அப்படி ஒரு சீட்டு எழுத உயிர் போனாலும் சம்மதித்திருக்கமாட்டார். சோற்றுப் பசையில் ஒட்டிய அந்தச் சீட்டுகள் அவர் காலத்துக்குப் பிறகும் உரியவில்லை. விளங்கவில்லை என்று எழுதிய சீட்டும் அப்படியே இருந்தது.

மேல்தட்டில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சின்னப் போத்தல். விரல் நீளம்தான். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டித் திறந்து நீட்டினார்.

"அன்னாசி," என்றாள் உடனே. "நல்லாப் பழுத்தது. பெக்கான் நானாஸிலை லாரியிலை குவிச்சு வைச்சிருப்பாங்களே, அது."

"அதிலை அன்னாசி ஒரு துண்டும் இல்லை. நீ கப்பலாலை வந்து இறங்கின வருஷம் செய்தது. அப்ப நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். பழுதாப்போன நெய்யிலை இருக்கிற அமிலமும் சாராயமும் சேர்த்து இந்த மணம் செய்வன் எண்டு கடிதத்திலை எழுதினனான். மறுகடிதத்திலை நீ, பொய் சொல்லிப் பொம்பிளை எடுக்கிறியளோ எண்டு கேட்டாய்."

"வந்து பாத்த பிறகு நம்பினன்தானே."

"ஓம். அதுக்காகத்தான் மிச்சம் வைச்சனான்."

அவர் போத்தலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். இந்தத் தடவை அவர் நெஞ்சு உயர்ந்ததை அவள் பார்த்தாள். ஆழமாக, நீளமாக இழுத்தார். மறுபடியும் ஒருமுறை இழுத்தார்.

"வருதோ?"

"இல்லை."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "முதல் தேன் மாதிரி வருது," என்றாள். "பிறகு கொஞ்சம் புளிப்பு. கடைசியிலை, பழத்தை வெட்டின கத்தியைக் கழுவாமல் வைச்சால் வருமே, அப்பிடி."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் சொல்லு," என்றார்.

றோசலின் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மெல்ல வெளியே போனாள்.

பொழுது சாய்ந்து, கோயில் மணி அடித்தது. சன்னலைச் சாத்துவதற்காகச் செல்லப்பாக்கியம் தனியே கொட்டகைக்குப் போனாள். போத்தல்கள் வரிசையாக, நெற்றியில் வெள்ளைச் சீட்டோடு நின்றன. அன்னாசிப் போத்தலை மேசையில் வைத்து, அதன் கீழே கல்லூரிக் கடிதத்தைச் செருகி வைத்தது அவள்தான். போத்தல் வைத்த இடத்திலேயே இருந்தது. அடியில் கடிதம் இல்லை.

முன்வாசலுக்கு வந்தாள். படியில் றோசலினின் சப்பாத்தும் இல்லை. மேட்டுப் பாதையில் கீழே வெகுதூரத்தில் ஒரு நீலச் சேலை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கடிதத்தைப் போடத் தபால்பெட்டி அந்தப் பக்கம்தான். எறியக் கடலும் அந்தப் பக்கம்தான்.